‘அ’ போட்ட பறவை

கினோத்திக்கு ஸ்வாஹிலி வராது. அவன் பேசுவது ஸ்வாஹிலி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மேரு மலைச்சரிவில் பிறந்தவன், வீட்டில் பேசுவது வேறு மொழி, அது அவன் குற்றமா என்று முகாமில் எல்லோரும் அவனுக்குப் பரிந்துகொண்டு வருவார்கள். குற்றம் யாருடையதாக இருந்தால் என்ன, அவதிப்படுகிறவன் நானல்லவா. நான் லாமு தீவுக்காரன். எங்கள் ஊரில் கழுதை ஓட்டுகிறவன்கூடக் கழுதையை இலக்கணம் தவறாமல்தான் திட்டுவான்.

எங்கள் மொழியில் பறவைக்கும் விமானத்துக்கும் ஒரே சொல், ண்டெகே. அதனால் யாரும் குழம்புவதில்லை. பின்னால் வருகிற வினைச்சொல்லின் முதல் எழுத்து எது என்னவென்று காட்டிக்கொடுத்துவிடும். உயிருள்ளது வந்து சேர்ந்தால் ‘அமேஃபிக்கா’. உயிரில்லாதது வந்து சேர்ந்தால் ‘இமேஃபிக்கா’. அ போட்டால் பறவை, இ போட்டால் விமானம். எங்கள் பக்கத்துக் குழந்தைகள் பல் முளைக்கும்போதே இதைக் கற்றுக்கொண்டுவிடும். மலைநாட்டுக்காரர்களுக்கு எல்லாமே இ. ஆடும் இ, மாடும் இ, மாமியாரும் இ.

அவன் சந்தையில் வாழைக்காய் விற்றுக்கொண்டிருந்தால் எனக்கென்ன வந்தது. ஆனால் அவன் இருப்பது மேரு தேசியப் பூங்காவில், பறவை பார்க்க வருகிறவர்களுக்கென்றே நடக்கிற முகாமில். வேலை விமான ஓடுதளத்தில். விமானம் இறங்குவதற்குமுன் வரிக்குதிரைகளையும் காட்டுப்பன்றிகளையும் விரட்டவேண்டும், இறங்கியதும் ரேடியோவில் சொல்லவேண்டும். போதாக்குறைக்கு, ஓடுதளத்தில் பறவை ஏதாவது கண்ணில் பட்டால் வழிகாட்டியான எனக்குச் சொல்வதையும் அவனாகவே தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டான். பறவைக்கும் அதே சொல், அதே இ.

ஒருமுறை ‘ண்டெகே இமேஃபிக்கா’ என்றான். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, விருந்தாளிகளுக்குக் குளிர்ந்த துண்டும் பழச்சாறும் தட்டில் அடுக்கிக்கொண்டு போய் இறங்கினேன். ஓடுதளத்தின் நடுவில் ஒரு கானமயில் நின்றுகொண்டிருந்தது. தட்டைப் பார்த்துவிட்டு அது மெதுவாக நடந்து போயிற்று. இன்னொரு முறை ‘பெரிய ண்டெகே விழுந்துடுச்சு’ என்று ரேடியோவில் அலறினான், அதற்கும் இ போட்டு. சமையல்காரர் முதற்கொண்டு எல்லோரும் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேலமரத்திலிருந்து ஒரு மராபு நாரை சிறகு ஒடிந்து விழுந்திருந்தது. மேலாளர் அம்மாவுக்கு அன்று படபடப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. எனக்கு இன்றுவரை அடங்கவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கியிருப்பேன், ஷம்சா வராமல் இருந்திருந்தால்.

ஷம்சா என் மனைவி. லாமுவில் இருக்கிறாள். எனக்கு வாய்த்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே சக்களத்தி, பறவை. போன பெருநாளன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் பிலாவு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மொட்டை மாடியில் யாரோ ஒரு பையன் ‘அதோ ஒரு புதுப் பறவை’ என்றான். நான் எச்சில் கையோடு மாடிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவளுடைய அண்ணன்மார்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னோடு பேசவில்லை. “பறவைன்னு ஒரு சொல்லு காதுல விழுந்தாப் போதும், கையில இருக்கிற சோத்த விட்டுட்டு ஓடுற மனுஷன்” என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னது.

அதன்பிறகு நான் போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தால் உம், ம்ஹூம். கடைசியில் அவளே ஒருநாள் கூப்பிட்டாள். அவளுடைய பெரியப்பா மகன் நைரோபியில் சின்ன விமானங்களுக்குச் சாமான் ஏற்றுகிறவன். எங்கள் முகாமுக்கு வருகிற விமானத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறதாம், நைரோபிவரை பஸ்ஸில் வந்தால் ஏற்றி அனுப்புகிறேன் என்றானாம். ஷம்சா படகில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவள். விமானத்தில் கால் வைத்ததே இல்லை.

“ஒரு தடவ வர்றேன்” என்றாள். “அந்தக் காட்டுல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கிறேன். ஆனா நான் எறங்கும்போது நீங்க அங்க நிக்கணும். நிக்கலன்னா அதே விமானத்துல ஏறித் திரும்பிடுவேன். அப்புறம் எனக்குப் போன் பண்ண வேண்டாம், அண்ணங்க பேசிக்குவாங்க.”

அண்ணன்கள் பேசிக்கொள்வார்கள் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நிற்பேன் என்றேன். விமானம் வருவதற்கு முன்பே போய் நிற்பேன், நீ கண்ணைத் திறந்தால் முதலில் என் முகம்தான் தெரியும் என்றேன். அவள் சிரித்த மாதிரி இருந்தது. அதையே இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது, கூடவே டாக்டர் அபுயாவும் வந்தார். கிசுமுவில் பெயர்பெற்ற பல் டாக்டர் அம்மா. தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். பெல் மீன்பிடி ஆந்தையைப் பார்க்கவேண்டும், அதற்காக வருவது எத்தனையாவது முறையோ. பகலில் ஆற்றோரத்துப் பெரிய மரங்களின் அடர்த்தியில் ஒளிந்து தூங்குகிற ஆந்தை அது. வழிகாட்ட அத்மான்தான் வேண்டும், அதாவது நான்தான், வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் மேலாளர் அம்மாவிடம் போய் நின்றேன். விமானம் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகுதானே, அதற்குள் வந்துவிடலாம், வண்டியில் ரேடியோ இருக்கிறது, கினோத்தி சொல்வான் என்றார். கினோத்தி சொல்வான் என்பதுதான் என் பயமே.

அன்று காலை தேநீர்க் கொட்டகையில் கினோத்தியைப் பிடித்து உட்காரவைத்தேன். அவன் என்னைவிட மூத்தவன், நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். என் இலக்கணப் பைத்தியத்தைக் கிண்டல் செய்து என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவான்.

“கினோத்தி, இன்னைக்கு ஒரு நாள் எனக்காக ஒழுங்காப் பேசு. உயிர் இருந்தா அ. உயிர் இல்லன்னா இ. சொல்லு பாப்போம்.”

“உயிர் இருந்தா அ. இல்லன்னா இ. மரத்துக்கு உயிர் இருக்கே வாத்தியாரே?”

“மரத்த விடு. அதுக்கு வேற எழுத்து.”

“செத்த கோழிக்கு?”

“அதுக்கும் அ தான்.”

“உயிர்தான் போயிடுச்சே. இப்பத்தானே உயிர் இருந்தான்னு சொன்ன?”

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. செத்ததையும் மரத்தையும் விட்டுவிடு, இன்றைக்கு உன் வாயில் ண்டெகே என்று வந்தால் உயிர் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொல், என் குடும்பமே அதில் இருக்கிறது என்றேன். ‘உன் மனைவி வந்துவிட்டாள்’ என்று நேராகவே சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். சொந்த விஷயத்தை ரேடியோவில் பேசக்கூடாது என்பது மேலாளர் அம்மாவின் கண்டிப்பு. சமையலறையிலிருந்து அடுத்த வண்டிவரை எல்லோரும் கேட்கிற ரேடியோ அது. கினோத்தி நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

ரோஜெவேரு ஆற்றங்கரைக்குப் போகிற வழியெல்லாம் டாக்டர் அபுயா என் பொறுமையைச் சோதித்தார். மரக்கிளையில் ஊதாநெஞ்சுப் பனங்காடை, வெயிலில் பளபளவென்று. பார்த்தாயிற்று என்றார். நீலமார்புக் கினிக்கோழிகள் கூட்டமாகப் பாதையைக் கடந்தன. மற்ற நாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வாய் மூட மாட்டார்கள். டாக்டர் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே பார்த்தாயிற்று என்றார். நீலக்கழுத்துத் தீக்கோழி, பார்த்தாயிற்று. தேன்சிட்டு, பார்த்தாயிற்று. பறவை பார்க்க வந்தவரா பாக்கி வசூலிக்க வந்தவரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வண்டியை நிறுத்திவிட்டு, ரேடியோவை இடுப்பில் செருகிக்கொண்டு, கரையோரமாக நடந்தோம். நீர்யானைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டன. அவற்றின்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒவ்வொரு அத்திமரத்தின் அடியிலும் நின்று மேலே பார்த்தோம். எச்சம் வெள்ளையாக வழிந்திருக்கிறதா, மீன் செதில் கிடக்கிறதா என்று கீழே பார்த்தோம். டாக்டர் காலில் முள் குத்தியது. அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

அப்போது ரேடியோ கரகரத்தது.

“வாத்தியாரே, ஓடுதளத்துல ண்டெகே. அமேஃபிக்கா.”

அ. தெளிவான, அழுத்தமான அ. கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. அடுத்த கணமே எரிச்சல். சொல்லிச் சொல்லி அனுப்பியும் இந்த நாளில் ஒரு கானமயிலுக்காக என்னைக் கூப்பிடுகிறானே.

சரி, நிற்கட்டும் என்றேன்.

“நீ வரலையா?”

சரியாக அதே நேரத்தில் டாக்டர் அபுயா என் முழங்கையைப் பிடித்து இறுக்கினார். அவர் விரல் காட்டிய இடத்தில் இலைகளுக்குள் இஞ்சி நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. பூனைக்குட்டியின் முகம். கறுத்த பெரிய கண்களைப் பாதி திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. பெல் மீன்பிடி ஆந்தை. டாக்டர் அழுதுகொண்டிருந்தார். அத்தனை பறவைகளைப் பார்த்தாயிற்று பார்த்தாயிற்று என்று தள்ளிவிட்ட மனுஷி.

“வாத்தியாரே? என்ன சொல்லட்டும்?”

என்ன சொல்வதாம், யாரிடம் சொல்வதாம் என்று அப்போது யோசித்திருக்கவேண்டும். ஆந்தை பறந்துவிடப்போகிறதே என்ற பதற்றத்தில் ரேடியோவை வாயருகில் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன்.

“அதைப் பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப் போச்சு, கினோத்தி. நின்னா நிக்கட்டும், பறந்தாப் பறக்கட்டும். அதவிட நல்லது ஒண்ணு இங்க என் கண்ணு முன்னாடி இருக்கு.”



“நெசமாவா சொல்ற?”

“நெசமாத்தான். இனிமே கூப்பிடாத.”

டாக்டர் படம் எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். ஆந்தை ஒருமுறை கழுத்தைத் திருப்பிச் சிறகைக் கோதியது. எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது, போய்க் குளித்துவிட்டு அத்தர் பூசிக்கொண்டு ஓடுதளத்தில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோ மறுபடி கரகரத்தது. கினோத்தியின் குரல் பாடம் ஒப்பிக்கிற குரலாக இருந்தது.

“ண்டெகே அமேருக்கா.”

பறவை பறந்துவிட்டது. அதற்கும் அ. தொலையட்டும், நிம்மதி என்று நினைத்தேன்.

பிறகு சத்தம் கேட்டது. முதலில் தேனீக்கள் என்று நினைத்தேன். மரங்களுக்கு மேலே ஒரு சின்ன வெள்ளை விமானம் சாய்ந்து திரும்பி, தெற்கே நைரோபிப் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு ஆந்தை எழுந்து ஆற்றைக் கடந்து போய்விட்டது. ஐயோ போயிற்றே என்றார் டாக்டர். நானும் அதையேதான் சொன்னேன்.

வண்டியை நான் எப்படி ஓட்டினேன் என்று டாக்டர் அபுயாவைத்தான் கேட்கவேண்டும். வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குழிகளில் அவர் தலை கூரையில் இடித்தது, அதற்கும் பேசவில்லை.

ஓடுதளத்தில் புழுதி அடங்கியிருந்தது. காட்டுப்பன்றிகள் திரும்பி வந்து முழங்கால் போட்டு மேய்ந்துகொண்டிருந்தன. கினோத்தி தன் லேண்ட்ரோவரின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றிருந்தான். கையில் ஒரு தகர டப்பா. ஷம்சா வீட்டு டப்பா அது, மூடியில் ரோஜாப்பூ போட்டது. திறந்திருந்தது. உள்ளே மஹம்ரி, தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்து பொரித்தது. வாசனை எனக்கு எட்டியது.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகுதானே விமானம் என்று கத்தினேன். வழியில் ஒரு முகாமில் ஏறவேண்டியவர்கள் வரவில்லையாம், அதனால் நேராக இங்கே வந்துவிட்டதாம். பைலட் இன்ஜினைக்கூட நிறுத்தவில்லையாம்.

“அப்ப ஏன்டா அ போட்ட?” என்றேன். “விமானத்துக்கு எவனாவது அ போடுவானா?”

கினோத்திக்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் என்னைப் பார்த்தான்.

“இ தான் வாயில வந்துச்சு, வாத்தியாரே. நீ சொன்ன மாதிரி நின்னு யோசிச்சேன். உள்ள உன் பொண்டாட்டி உக்காந்திருக்காங்க. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, மடியில டப்பாவ அணைச்சுக்கிட்டு. அவங்கள வச்சுக்கிட்டு எப்படி நான் உயிரில்லாததுன்னு சொல்றது? மரியாதையா இருக்காதுல்ல.”

 அவள் உன் பக்கத்திலா இருந்தாள், நான் பேசியது கேட்டதா என்றேன். கேட்காமல் என்ன, ரேடியோ அவன் கையில், அவள் அவனுக்குப் பக்கத்தில். பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிற்று என்பதையும் கேட்டாள். அதைவிட நல்லது கண்முன்னால் இருக்கிறது என்பதையும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் கினோத்தி நெசமாவா என்று கேட்டது.

“நான் எடுத்துச் சொன்னேன், வாத்தியாரே. அவரு உங்களச் சொல்லல, ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாருன்னு. அதுக்கு அவங்க, அது எனக்குத் தெரியும், நீங்க அ போட்டீங்க, அவரு பறவைன்னு நெனச்சிருக்காருன்னு சிரிச்சாங்க.”

உயிர் திரும்பி வந்தது எனக்கு. லாமுக்காரி அல்லவா, அவளுக்குப் புரியாமலா போகும்.

“சிரிச்சாளா?”

“சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் அந்த ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்க. பைலட் கைய ஆட்டுறான், போகணும்ங்கிறான். அப்பத்தான் சொன்னாங்க.” கினோத்தி டப்பாவின் மூடியைத் தடவிக்கொண்டே, ஒரு சொல் பிசகாமல் சொல்ல முயன்றான். “‘பறவைன்னு சொன்னா கையில இருக்கிற சோத்த விட்டுட்டு ஓடுற மனுஷன். இன்னைக்குப் பறவைன்னே சொல்லியும் வரல. இனி நான் என்னவா வந்தா வருவாரு?’ அப்படின்னாங்க.”

டாக்டர் அபுயா வண்டியிலிருந்து இறங்கப்போனவர் மறுபடி உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

ஏறும்போது ஷம்சா அழவில்லையாம். கண்ணையும் மூடிக்கொள்ளவில்லையாம். டப்பாவைக் கினோத்தியிடம் கொடுத்து, அவருக்கு இல்லை, உங்களுக்குத்தான், உங்கள் பிள்ளைகளுக்குக் கொண்டுபோங்கள் என்றாளாம். பிறகு விமானம் கிளம்பியதும் ரேடியோவில் என்ன சொல்லவேண்டும் என்று அவளே சொல்லிக்கொடுத்தாளாம். அவன் இ போட்டுச் சொல்லிப் பார்த்தானாம். இல்லை, அ போட்டுத்தான் சொல்லவேண்டும் என்று திருத்தினாளாம். வாய்க்கு வரும்வரை விடவில்லையாம். பைலட் கத்திக்கொண்டிருந்தானாம்.

நான் போனை எடுத்தேன். ஓடுதளத்தில் மட்டும்தான் எங்களுக்குச் சிக்னல் கிடைக்கும். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை அவளுடைய பெரிய அண்ணன் எடுத்தார். என்ன மாப்பிள்ளை, பறவையெல்லாம் நல்லா இருக்கா என்றார். ஊரிலிருந்து கிளம்பும்போதே அவள் போனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள் திரும்பிப் போய்விட்டாள் என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. பெருநாள் தாம்பாளத்தில் கை வைத்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அவர் பேசினார். அவள் இங்கே வந்து சேரட்டும், நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கினோத்தி ஒரு மஹம்ரியை எடுத்து என் பக்கம் நீட்டினான். அவள் வேண்டாம் என்று சொன்னது நினைவுக்கு வந்திருக்கவேண்டும், பாதியில் கையை இழுத்துக்கொண்டான். மூடியைப் போட்டு அழுத்தினான். அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி இல்லை, ஒரு கவலைதான் இருந்தது. பரீட்சை எழுதிவிட்டு வந்தவனின் கவலை.

“வாத்தியாரே, கோவிச்சுக்காத. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. கடைசியா சொன்னேனே, அமேருக்கான்னு. அது சரியா?”

தெற்கே பார்த்தேன். வானத்தில் ஒன்றுமில்லை.

“சரிதான்” என்றேன். “அது மட்டும் சரிதான்.”